பதினேழு நட்டேன்

ஐப்பசி மழையில்
ஏற்காட்டு மண்ணில் ஊன்றும் விதை
ஆற்றில் கரைத்த புளிதான்.
முதல் தடவை பட்டாணி அழுகியது.
இரண்டாம் தடவை
வரிசை பிசகாமல் தோண்டித் தின்றிருந்தது எலி,
நான் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டே
நடந்தது போல.

"வீட்டுக்குள்ள முளைக்க வை" என்றாள் ரெஜினா
போனில், சேலம் பெரியாஸ்பத்திரி
இரண்டாம் மாடி வராந்தாவிலிருந்து.
பின்னால் யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்றார்கள்.
மீதி யோசனை வாட்ஸப்பில் வந்தது
விடிகாலை மூன்று பத்துக்கு:
வேரைத் தொடாதே.
தொட்டால் கோவிச்சுக்கும்.

அல்போன்ஸ் டீக்கடையில்
குடித்துப்போட்ட காகிதக் கப்புகள் பதினெட்டு.
கழுவி, அடியில் ஆணியால் துளையிட்டேன்.
ஒன்றில் உதட்டுச்சாயம் போகவில்லை,
எந்த ஊர் சுற்றுலாக்காரியோ.
காப்பிச்செடிக்கு அடியில் அள்ளிய மண்.
செவ்வாய்ப்பேட்டையில் அவள் வாங்கிய விதை
இரவு முழுக்க டம்ளரில் ஊறி
கன்னம் உப்பியிருந்தது.

ஏழாம் நாள்
மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு எழுந்தன,
கூட்டத்தில் செருப்புத் தேடுகிறவன் மாதிரி
குனிந்தபடியே.
பகலில் வாசல். மூடுபனி இறங்குமுன் உள்ளே.
மின்வாரிய அட்டைப்பெட்டியின் மூடியில்
தூக்கிப்போய்த் தூக்கி வந்தேன்.
"புள்ளைக்கு வெயில் காட்டுறியா?"
போர்மேன் பச்சியப்பன் சிரித்தார்.
சிரித்து முடித்து
சாய்ந்திருந்த ஒரு கப்பை
மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடுவதாகப் பேச்சு.
செவ்வாய் இரவு நாகலூர்ப் பாதையில்
சில்வர் ஓக் ஒன்று கம்பியோடு விழுந்தது.
இரண்டு இரவு.
கம்பத்தின் மேல் நான்,
கீழே கயிறு பிடித்துப் பச்சியப்பன்,
சுற்றிலும் எங்கள் பொறுப்பில் இருந்த இருட்டு.

வீடு திரும்பினால்
பதினெட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.
ஒரு சுருள் ஜன்னல் கம்பியில்.
ஒன்று என் சார்ஜர் வயரில்.
மற்றதெல்லாம்
எது யாருடைய கை என்று தெரியாத பின்னல்.
பதினோராயிரம் வோல்ட் கம்பியைப் பிரித்திருக்கிறேன்.
இதற்கு இரண்டு மணி நேரம் ஆனது,
ரெஜினா புருவம் திருத்தும் சாமணத்தால்.

"ஞாயிறு வரைக்கும் தாங்குமா?"
"துளை வழியா வேர் எட்டிப் பாக்குது."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "நட்டுடு."

வியாழன் சாயங்காலம்
ஹெல்மெட் விளக்கைப் போட்டுக்கொண்டு நட்டேன்.
பிளேடால் கப்பின் அடியைக் கீறி
மண் உதிராமல் அப்படியே குழிக்குள்.
பனியில் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.
அந்த ஒரு முழத்துக்குள்
ஒரு குழி, ஒரு செடி, என் இரண்டு கை.
நகர்ந்தால் மறுபடி அதே.
பதினேழு.

ஜன்னல் கம்பியைப் பிடித்ததை விட்டுவிட்டேன்.
கை வரவில்லை என்பது பாதி.
அவள் நட ஒன்றாவது இருக்கட்டும் என்பது
மீதி.

முதல் பஸ்ஸில் வந்தாள்,
இருபது வளைவிலும் தூங்கியபடி.
செருப்பைக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போனாள்.
நாலு செடி தரையோடு படுத்திருந்தன.
ஒன்றின் தண்டை இரு விரலால் பிடித்து
வாட்சைப் பார்த்தாள்,
பழக்க தோஷம்.
சுள்ளி ஒடித்து வந்து
பதினேழுக்கும் ஊன்றினாள்,
படுத்த நாலுக்கும் சேர்த்து.

"உள்ள ஒண்ணு உனக்குன்னு வச்சிருக்கேன்.
குழி தயார்."
சுருளைத் தொட்டுப் பார்த்தாள்.
"ராத்திரியெல்லாம் முழிச்சுப் புடிச்சிருக்கு," என்றாள்,
"விடு. அங்கயே இருக்கட்டும்."

தையில்
தோட்டத்தில் பதினைந்து நின்றன.
ஆறைக் காட்டெருமை மிதித்தது.
மற்றவை காய்த்தன, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.
ஜன்னலில்,
உதட்டுச்சாயம் போகாத அந்தக் கப்பில்
ஒரே ஒரு வெள்ளைப்பூ,
ஒரே ஒரு காய்.
உள்ளே நாலு மணி, ஒன்று பொக்கு.
மூன்றையும் உப்புமாவில் போட்டேன்.
அவள் தட்டில் ஒன்று. என் தட்டில் ஒன்று.
மூன்றாவது சட்டியில் ஒட்டியிருந்தது.
கழுவும்போது சுரண்டித் தின்றேன்.
சொல்லவில்லை.